பிராது வாபஸ்

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. போலீசும் தாலுக்கா ஆபீசும் கைவிட்ட வழக்கைச் சீட்டில் எழுதி, அங்கே காவல்தெய்வமான முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் காரியம் கைகூடியதும் கட்டியவரே நேரில் வந்து வாபஸ் வாங்கவேண்டும். விருத்தாசலத்துப் பக்கம் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

இதைத்தான் இளமதி ஆராய்ச்சி ஆக்கினாள். கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவள். அரசாங்கம் தோற்ற இடத்தில் தெய்வம் எப்படிக் கோர்ட்டாகிறது என்று ஒரு பத்திரிகையில் நீளமாக எழுதினாள். சான்றுக்கு அகப்பட்டவள் பழைய மாணவி பூங்கோதை. கம்மாபுரத்துப் பெண். பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த ஜூடுவைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு ஓடிப்போனவள். சாதியும் வேறு, வேதமும் வேறு. ஓடுவதற்கு முன்னால், அவனோடு வாழவேண்டும் என்று பிராது கட்டியிருந்தாள்.

இளமதி விவரமானவள்தான். பெண்ணை 'அ' என்றாள், ஊரையும் மாற்றினாள். அதோடு விட்டாளா? 'கைக்குழந்தையோடு ஆடிக் கிருத்திகையன்று வாபஸ் வாங்க வருவேன் என்கிறாள் என் மாணவி அ' என்று முத்தாய்ப்பு வைத்தாள். அந்த வரியைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவள் ஒருத்தியே இரண்டையும் செய்தாள்.

கிருத்திகையன்று காலையில் பூங்கோதையின் அண்ணன் நல்லமுத்து வீடு தேடி வந்தான். கையில் சுருட்டிய பத்திரிகை.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். வூட்ல படிச்சுக் காட்டனேன், எங்கம்மா அழுதுடுச்சி."

"அது யாரோ ஒரு பொண்ணுங்க."

"ஆமாங்க, யாரோ ஒரு பொண்ணு. போயிட்டு வரேன்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எதற்கென்று இளமதிக்குப் புரிந்தது. பூங்கோதை எப்போதும் பேசும் திருப்பூர் பெட்டிக்கடைக்குப் போன் போட்டாள். நேற்று ராத்திரியே பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். போலீசுக்குப் போட்டாள். எல்லோரும் கோயில் பந்தோபஸ்தில் இருப்பதாகப் பதில் வந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏறி, கோயில் இருக்கும் மணவாளநல்லூருக்கு விடச் சொன்னாள்.

கோயில் வாசலில் காவடிக் கூட்டம் நெரிந்தது. நல்லமுத்து எங்கும் தென்படவில்லை. சாமியை ஆராய்ந்தவள், கும்பிட்டவளில்லை. இப்போது நின்ற இடத்திலேயே கைகூப்பினாள். கொளஞ்சியப்பா, அவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கவேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாவது பாதியில் இறங்கியிருக்கவேண்டும் என்று வேண்டினாள். அடுத்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கேட்கிறோமே என்று அழுகை வந்தது.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தலையோடு முக்காடு போட்ட ஒருத்தி குழந்தையோடு இறங்கினாள். தொப்பி போட்டவன் டிரைவருக்குச் சில்லறை தேடினான். பெற்ற தாய்க்கே அவளை அடையாளம் தெரிந்திருக்காது. இளமதிக்கு நடையில் தெரிந்தது, பூங்கோதை. தொப்பிக்காரன் ஜூடு. கிட்டே போகாமல், போய்விடு என்று தலையை மட்டும் ஆட்டினாள். பூங்கோதை அவளைப் பார்த்துவிட்டாள். சந்தோஷத்தில் முக்காடு நழுவியது.

"மேடம்! இங்க பாருங்க, பொண்ணு! ஒங்க பேருதான் வச்சிருக்கோம்!"

"யாரும்மா நீ? எனக்கு ஒன்னத் தெரியாது, போ!" என்று கத்தினாள் இளமதி.

பூங்கோதையின் முகம் சுருங்கியது. மேடத்துக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாள் பாவம். இன்னும் பலமாகச் சொன்னாள்.

"நாந்தான் மேடம், பூங்கோதை!"

இளமதியின் காதுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஒங்க ஆட்டோ பின்னாடியேதான் மேடம் வந்தேன். இம்மாங் கூட்டத்துல நான் எங்கன்னு தேடறது?"

திரும்பி நல்லமுத்துவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவனோடு வந்த இரண்டு பேர் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்கள். "ஓடு பூங்கோதை, ஓடு!" என்று அலறினாள். காவடிக்கு அடித்த பம்பையில் அந்த அலறல் அவளுக்கே கேட்கவில்லை. கூட்டத்துக்குள் பூங்கோதை, குழந்தையின் முகத்தை மேடம் பக்கம் திருப்பிக் காட்டியபடி இன்னும் வந்துகொண்டிருந்தாள்.