துறையூரில் ஒரு வடக்கு

ஜாஹ்னவிக்கு வடக்கு எதுவென்று தெரியாது என்று ஹாலித் சொல்லிவிட்டான். சரி, அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "துறையூர் கருவிக்குக் கீழ இருக்கிற அம்புக்குறியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்களேன். மத்த நிலையங்களோட வித்தியாசம் சரியா தொண்ணூறு டிகிரி வருது. கொஞ்சம் உறுத்துது," என்றுதான் சொன்னான். கூட ஆராய்ச்சி செய்பவன், கட்டுரையில் அவன் பெயரும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

துறையூர் பஸ்ஸில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பக்கத்து சீட் அம்மாள் முறைத்துப் பார்த்தாள்.

எங்கோ இந்தோனேசியாவில் நிலம் நடுங்கினால், அந்த அலை பூமிக்குள் ஆழமாக இறங்கி, நாம் நிற்கும் பழைய கண்டத்தின் அடிப்பாறையைக் கடந்து மேலே வரும். விறகுக்கு இருப்பது போல அந்தப் பாறைக்கும் ஒரு ரேகை உண்டு. ரேகையோடு அதிரும் அலை முந்தும், குறுக்கே அதிர்வது பிந்தும். சுற்றுவட்டார நிலையங்களில் எல்லாம் ரேகை ஒரு பக்கமாக ஓட, துறையூரில் மட்டும் குறுக்கே ஓடியது. இத்தனை வருட உழைப்பில் அவளுடைய ஒரே கண்டுபிடிப்பு அதுதான். இன்று ஒப்புதல் கொடுத்தால் கட்டுரை அச்சேறிவிடும். அதைக் காட்டித்தான் வேலைக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் அப்பா தேசிகன் அதற்குள், "பூமிக்கு அடியிலயும் நம்ம ஜில்லா தனிதான் ஓய்!" என்று வீதி முழுக்கப் பரப்பிவிட்டார்.

ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகையை அதன் காவல்காரர் ராசப்பன் திறந்துவிட்டார். "நீங்க வச்சது வச்சபடி இருக்கும்மா. ஒருத்தர் கை படல."

நில அதிர்வைப் பதியும் கருவியை வடக்கு பார்த்து நிறுத்துவதற்காக, வாசலை நோக்கி அவளே வரைந்த சிவப்பு அம்பு தரையில் இருந்தது. கருவியை வைத்த அன்று நல்ல மழை. மூலையில் கிடந்த இரும்புக் கம்பிகளால் போனிலிருந்த திசைகாட்டி கிறுக்குப் பிடித்ததுபோல் சுற்றியது. வாசல் வழியே சன்னிதி தெரிந்தது. அதுதான் வடக்கு என்று கோடு போட்டுவிட்டாள். சந்தேகமே வரவில்லை.

இன்று வானம் வெளுத்திருந்தது. கோயிலின் சிறிய விமானத்துக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அம்பு காட்டிய அதே திசையில்.

ராசப்பனிடம் திரும்பினாள். "இங்க பெருமாள் எந்தப் பக்கம் பார்த்து நிக்கறார்?"

"கிழக்கதாம்மா. எல்லா ஊர்லயும் அப்படித்தானே?"

"எங்க ஊர்ல இல்லை," என்றாள். அரங்கன் தெற்கே பார்த்துப் பள்ளிகொண்டிருக்கும் ஊர். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு, சேவிக்க நின்றால் முகம் வடக்கே பார்க்கும். இங்கே அவள் வடக்கு என்று குறித்தது மேற்கு. பாறையின் ரேகையை அவள்தான் குறுக்கே திருப்பியிருக்கிறாள்.

கருவியை எடுத்துக்கொண்டு, அம்பைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்தது என்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம், அது உடனே போகவில்லை. கொட்டகைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தாள். பிறகு அம்பும் வாசலும் சூரியனும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து ஹாலித்துக்கு அனுப்பினாள்.

உடனே கூப்பிட்டான். "யா அல்லாஹ்! கட்டுரையை என்ன செய்ய?"

"நிறுத்திடுங்க."

"உங்க வேலை..."

போனை வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது அடங்குவதற்குள் அப்பாவை அழைத்துவிட்டாள்.

"அப்பா, நம்ம ஜில்லா ஒண்ணும் தனி இல்லை. எல்லா ஊர் மாதிரிதான் இருக்கு."

"எவன்டி சொன்னான் அப்படி?" என்று தேசிகன் சண்டைக்கு வந்தார்.

"நான்தான்ப்பா," என்றாள்.