தங்கை சொன்ன மழை

காலை ஆறே முக்காலுக்கு வானொலியில் அன்றைய வானிலையை வாசித்து முடித்ததும் அவள் வீட்டுக்குப் போன் செய்வாள். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டாளா என்று கேட்பதற்காக. அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் அம்மா கேட்டாள்:

“இன்னிக்குத் துணி காயப்போடலாமா?”

“இப்பதானேம்மா சொன்னேன். மதியத்துக்கு மேல ஒருசில இடங்கள்ல லேசான மழை.”

“அதைக் கேட்டேன். சின்னவ என்ன சொன்னா?”

சின்னவள் என்றால் இவளுடைய தங்கை. ஊரின் மேற்கு ஓரத்தில் சலவைக்கடை நடத்துகிறாள். பெரியவளோ இயற்பியல் படித்து, தேர்வெழுதி, பத்தொன்பது வருடமாக வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பெற்ற தாயே இப்படிக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. “அவகிட்டயே கேட்டுக்கோ” என்று போனை வைத்துவிட்டாள்.

தங்கை இந்த மழைக் கணிப்பை வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மொட்டைமாடியில் உலர்த்துகிறவள், வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. வாடிக்கையாளர்கள் சிலருக்கு, “மூணு மணிக்குள்ள துணியை எடுத்துடுங்க” என்று காலையில் போனில் ஒரு குழு அமைத்துச் செய்தி அனுப்பினாள். பலித்தது. அவர்கள் தங்கள் உறவுக்காரர்களைக் குழுவில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள், கூரை மாற்றுபவர்கள், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் எல்லோரும் அவளைக் கேட்டுத்தான் நாளைத் தொடங்கினார்கள். அவளுக்கு ‘வானிலைக்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மருந்துக்கடையில் ஒருவர் பெரியவளை உற்றுப் பார்த்து, “நீங்க வானிலைக்காரியோட அக்காதானே?” என்று கேட்டார். பத்தொன்பது வருட உழைப்பு ஒரு ‘அக்காதானே’வுக்குள் சுருண்டுபோனது.

அவளை அதிகம் எரித்தது இன்னொன்று. தங்கையின் கணிப்பு தப்பினால், “வானம் என்னை ஏமாத்திடுச்சு” என்று எழுதுவாள். குழுவே சேர்ந்து சிரிக்கும். அலுவலகத்தின் கணிப்பு தப்பினாலோ, “குளுகுளு அறையில உக்காந்துக்கிட்டு ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்க மாட்டாங்க” என்று வசை வரும். தப்புக்குக்கூடத் தங்கைக்குச் செல்லம்.

சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் அலுவலகத்தின் கணிப்பு, மறுபக்கம் தங்கையின் கணிப்பு, கடைசியில் நடந்தது என்ன என்று நாற்பது நாள் விடாமல் குறித்தாள். ஜனங்கள் பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், தப்பியதை மறந்துவிடுகிறார்கள் என்பது அவள் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது தாளை மேஜையில் வைக்கும் காட்சியைக்கூட மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள்.

நாற்பதாம் நாள், பலித்த நாட்களைக் கூட்டினாள். அலுவலகம் இருபத்துநாலு. தங்கை முப்பத்தொன்று.

மூன்று முறை திரும்பக் கூட்டினாள். காரணமும் அவளுக்குத் தெரிந்தது. அலுவலகம் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறது. தங்கை தன் கண்ணுக்குத் தெரியும் வானத்துக்கு மட்டும் சொல்கிறாள். கோடை மழை மேற்கு மலைப் பக்கமிருந்து வரும். அந்த மாடி நேராக மலையைப் பார்க்கிறது. காரணம் தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிறாள் என்று நினைத்தவரைக்கும் பொறுத்துக்கொள்ள முடிந்தது. நிஜமாகவே ஜெயிக்கிறாள் என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. தாளை மடித்து இழுப்பறையின் அடியில் செருகினாள்.

அடுத்த வாரம் தங்கையிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தது: “இன்னிக்கு முழுக்க நல்ல வெயில். கம்பளி, போர்வை எல்லாம் கொண்டுவாங்க!”

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ராடார் திரையில், கிழக்கே, ஒரு சிவப்புத் திட்டு முளைத்தது. வழக்கமில்லாத திசை. பத்து நிமிடத்தில் அது இரண்டு மடங்கானது. நடுவில் ஆலங்கட்டிக்கான அடையாளம். அவள் உடனே எச்சரிக்கை எழுதினாள், மேலதிகாரி கையெழுத்திட்டார், ஒரு மணிக்கு வானொலியில் போனது. கடமையில் ஒரு குறையும் இல்லை.

பிறகு தன் போனை எடுத்தாள். தங்கையின் எண் திரையில் இருந்தது. சலவை இயந்திரங்களின் இரைச்சலில் தங்கை பகலில் வானொலி கேட்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கிழக்குப் பக்கம் ஏழு மாடிக் கட்டிடம் மறைப்பதும் தெரியும். அந்தக் கொடிகளில் இந்நேரம் எத்தனை விரிப்புகள் ஆடிக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும்.

‘ஒரே ஒரு நாள்,’ என்று நினைத்தாள். ‘ஊர் பார்க்க ஒரே ஒரு நாள் நனையட்டும்.’

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு அலுவலக ஜன்னலில் கல்லெறிந்ததுபோல ஆலங்கட்டிகள் விழுந்தன. அவளுக்குள் ஒரு குதூகலம் எழுந்தது உண்மை. இரண்டு மணிக்குத் தங்கையின் கணவர் கூப்பிட்டார்.

“அண்ணி, இவ மாடிப்படியில விழுந்துட்டா. கையில ஒரு சுமை விரிப்பு வச்சிருந்தா, படி தெரியல. மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. நெத்தியில தையல் போடுறாங்க.”

மருத்துவமனையில் தங்கை கட்டுப் போட்ட நெற்றியோடு படுத்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. அக்காவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

“ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் சைஸ், அக்கா. அந்தப் பக்கத்துலேருந்து வரும்னு நான் கண்டேனா?” மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, “உனக்குத் தெரிஞ்சிருக்குமே. வேலை மும்முரத்துல கூப்பிட முடியல போல” என்றாள்.

சாக்கு கையில் கொடுக்கப்பட்டிருந்தது. வாங்கிக்கொண்டால் போதும். அவள் வாய் வரை ‘ஆமாம்’ வந்தது.

“கூப்பிட முடிஞ்சுது. போனைக் கையில எடுத்தேன். கூப்பிடல.”

“ஏன்?”

“நீ ஒருதடவை நனையணும்னு இருந்துச்சு.”

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“போயிடு அக்கா.”

பதினோரு நாள், அக்கா கூப்பிட்டால் தங்கை போனை எடுக்கவில்லை. குழுவிலும் செய்தி இல்லை. அம்மாவிடமும் பெரியவள் நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. “நான்தான் சும்மா இருந்த உன்னைக் கிளறிவிட்டேனோ” என்று மட்டும் சொல்லி எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மாவிடம் சொன்ன மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பெரியவள் நேராகச் சலவைக்கடைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. தங்கையின் கணவர் தயங்கித் தயங்கி ஒரு கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரிப்புகளை மடித்தாள். தங்கை முன்பக்கம் உட்கார்ந்து இடது கையால் சீட்டு எழுதினாள். உள்ளே திரும்பிப் பார்க்கவே இல்லை. நீராவி இஸ்திரி பெரியவளின் விரலை இரண்டு முறை சுட்டது. அதற்கும் திரும்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கை கதவருகே வந்து நின்றாள்.

“மூலையை மூலையோட சேர்த்துப் பிடி. இவ்வளவு படிச்சவளுக்கு ஒரு போர்வை மடிக்கத் தெரியல.”

பெரியவள் சேர்த்துப் பிடித்தாள். பிறகு, பிடித்தபடியே, தாளைப் பற்றிச் சொன்னாள். நாற்பது நாள், இருபத்துநாலு, முப்பத்தொன்று.

“என்னைத் தோக்கடிக்க எண்ணினியா?”

“ஆமா.”

“எண்ணி நீயே தோத்தியா?”

“ஆமா.”

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நெற்றித் தையல் இழுத்து ‘ஆ’ என்றாள். சிரித்ததால் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒரு சந்தேகம். வர்றவங்க எல்லாம் கேக்கிறாங்க, இந்த ஆலங்கட்டி, இந்த வெக்கை எல்லாம் காலநிலை மாறினதாலயான்னு. நான் பாட்டுக்கு ஆமான்னு தலையாட்டுறேன். ஒருத்தர், ‘நாளைக்கு என்னன்னே சொல்லத் தெரியல, அம்பது வருஷம் கழிச்சு என்னன்னு இவங்க எப்படிச் சொல்றாங்க?’ன்னு மடக்கிட்டார்.”

“அந்த ஒரு ஆலங்கட்டி மழையை மட்டும் வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.” பெரியவள் கையிலிருந்த விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். “இது எந்த இடத்துல, என்னிக்குக் கிழியும்?”

“யாருக்குத் தெரியும்?”

“தண்ணியோட சூட்டை ஏத்திட்டா?”

“எல்லா விரிப்பும் சீக்கிரம் நைஞ்சுபோகும்.”

“அதேதான். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ ஒரு கோடையில ஏழெட்டு நாள்தான் நாற்பது டிகிரியைத் தாண்டும். இப்ப இருபதுக்கு மேல. எந்த நாள்னு தப்பாச் சொல்லுவோம். ஏறுதுங்கறதுல தப்பு இல்ல.”

தங்கை யோசித்தாள். “இதை நீ வானொலியில இப்படிச் சொல்ல மாட்டியே. ‘வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி’ன்னு ஆரம்பிச்சுடுவ.”

மறுநாள் காலை குழுவில் தங்கையின் குரல்பதிவு வந்தது. விரிப்பு, வெந்நீர், நைந்துபோவது, எல்லாம் அப்படியே. கீழே பாராட்டு குவிந்தது. ‘எவ்வளவு எளிமையா விளக்குறீங்க! வானிலை அலுவலகத்துக்காரங்க உங்ககிட்ட வந்து கத்துக்கணும்.’

பெரியவளுக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுந்தது. போனைக் கவிழ்க்கப் போன கை நின்றது. தங்கையைக் கூப்பிட்டாள்.

“அது நான் சொன்னது.”

“ஐயோ, ஆமால்ல? இரு, இப்பவே போட்டுடறேன்.” போட்டுவிட்டுக் கேட்டாள்: “பொறாமையா இருந்துச்சா?”

“வயிறு எரிஞ்சுது.”

“இப்ப?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

“சரி, இன்னிக்கு எப்படி? கிழக்கே ஏதாவது இருக்கா?”

பெரியவள் திரையைப் பார்த்தாள். “சுத்தமா இருக்கு. மலைப் பக்கம்தான் இன்னும் பிடிபடல. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?”

“இரு, மாடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்.”

“கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறு” என்றாள் பெரியவள். போனை வைக்காமல், தங்கை படியேறும் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தாள்.