நாலு பேருக்கான வீடு

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற மண்சுவர் வீட்டுக்குள் ஐந்தாவதாக ஒருவர் நுழைந்தால், உள்ளே இருக்கும் நாலு பேரில் ஒருவர் காணாமல் போய்விடுவார். முதலில் போனது வீட்டுக்காரரின் மச்சினன்தான். குடிவந்த மாதமே, கரண்ட் மீட்டர் நகரவே மாட்டேன் என்கிறதே, ஏதோ தில்லுமுல்லு என்று சந்தேகப்பட்டு ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். அவர் உள்ளே கால் வைத்ததும் மச்சினன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியானது. அவன் கையிலிருந்த டீ கிளாஸையும் காணோம். வந்தவர் மீட்டரைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் முனகிக்கொண்டே படியிறங்கினார். மச்சினன் அதே நாற்காலியில் இருந்தான். "அக்கா, டீ ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வீட்டைக் கட்டியவரை நாங்கள் ஸ்கேல்காரர் என்போம். ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போடுகிறவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு அடிஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்டாட்டி கணக்கு டீச்சர். டீச்சரின் தம்பி, அதாவது அந்த மச்சினன், ஒருமுறை கட்டட வேலைக்குப் போன இடத்தில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தான். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்காகத்தான் இந்த வீடே. சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் உயிரைக் கொடுத்து வரைந்தார். ஒரு முழக் கனத்துக்குச் சுவர், பகல் சூடு அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி ஒரு கோபுரம், அது மேலே போகிற காற்றைப் பிடித்து ஈரப் பானைகள் வழியாகக் கூடத்துக்குள் இறக்கும். கூரையில் விழும் மழை தரைக்கடியில் தொட்டிக்குப் போகும், குளித்த தண்ணீர் எலுமிச்சைக்குப் போகும். ஒரு சொட்டு, ஒரு மூச்சு வீணாகக் கூடாது என்பது அவர் வெறி. தான், பெண்டாட்டி, மகள், மச்சினன் என்று நாலு பேருக்குச் சரியாக அளந்தார். இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துப் போடுங்களேன் என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். "வராத ஆளுக்கெல்லாம் இப்பவே தொட்டி கட்டினா அதுக்குப் பேர்தான் வீண்" என்று வாயை அடைத்துவிட்டார். அடேயப்பா, என்ன திமிர்!

வீடு அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது. விருந்தாளி வந்தால் வாசலிலேயே நாற்காலி போட்டார்கள். மச்சினனிடம் ஏதாவது வேலை சொன்னால், யாரையாவது உள்ளே கூப்பிடுங்க, நான் போயிடுறேன் என்று கேலி பேசுவான். நாங்களும் சிரித்தோம். ஒருநாள் கொரியர் பையன் தெரியாமல் உள்ளே நுழைய, மறைந்தவள் டீச்சர். அவன் போன பிறகும் சோறு வேகிற நேரம் வரைக்கும் அவள் வரவில்லை. வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. எங்கே இருந்தாய் என்று ஸ்கேல்காரர் கேட்டதற்கு, "இங்கதாங்க. நீங்க என் மேலேயே நடந்து போனீங்க" என்றாள். அதற்கப்புறம் அந்த விஷயத்தில் எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் முழுகாமல் இருப்பது ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. வெயில் ஏற ஆரம்பித்து, வயிறும் மேடிட்டபோது வீடு எண்ண ஆரம்பித்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் இடது கை முழங்கை வரை இல்லை. "வலிக்கலைப்பா, சில்லுனு இருக்கு" என்றாள் குழந்தை. ஸ்கேல்காரர் உடனே ஆள் வைத்து மேற்குப் பக்கம் ஓர் அறை கட்டினார். காலையில் பார்த்தால் அறையைக் காணோம், பழைய சுவர்தான் ஒரு செங்கல் கனம் கூடியிருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. வேறு வீடு பார்த்துப் போகவேண்டியதுதானே என்பீர்கள். அந்த வருஷ வெயில் உங்களுக்குத் தெரியாது. தகரக் கூரை வீடுகளில் பிறந்த குழந்தைகளை ஆஸ்பத்திரியில் ஈரத்துணி சுற்றி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். சில துணிகளை மறுபடி நனைக்கத் தேவைப்படவில்லை. டீச்சருக்குப் பிறக்கப்போகிற குழந்தை பிழைக்க ஊரிலேயே ஓர் இடம்தான் இருந்தது, அங்கே இடமில்லை.

மச்சினன் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "நான் போறேன் மாமா." ஸ்கேல்காரர் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். "அளந்தது நான். நீ வெளிய போனா செத்துடுவடா." சிமெண்ட் மூட்டை வைப்பதற்காக முன்பு போட்ட தகரக் கொட்டகை வாசலில் அப்படியே இருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு அதில் போய்ப் படுத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் படியேறினாள். இவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "பாப்பா, கையைக் காட்டு" என்று கத்தினார். மகள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகு ஆசை தாங்காமல் பிள்ளையைத் தொட ஜன்னல் வழியாக விரலை நீட்டினார். மகளின் விரல் நுனிகள் மங்கின. சூடு பட்டவர் போல் கையை இழுத்துக்கொண்டார்.

அந்தக் கோடையை அவர் தாண்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை. தகரம் பகலில் கொதித்தது. உடம்பெல்லாம் கொப்பளம். டீச்சர் ஈரத் துணியை அவர் மேல் போர்த்திவிட்டுப் போவாள், போனதுமே காய்ந்துவிடும். ஒரு மத்தியானம் அவருக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குள் நிழல் விழுந்திருந்தது. காற்றுக் கோபுரத்தின் நிழல்தான். சூரியன் உச்சியில் நிற்க, அந்த நிழல் வாசலைக் கடந்து நீண்டு வந்து கொட்டகை மேல் படுத்திருந்தது. சாயங்காலமும் நகரவில்லை. அதுநாள் வரை தெருவில் சும்மா விழுந்து வீணாகிக்கொண்டிருந்த நிழல். எதையும் வீணாக்காதே, வீட்டுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதானே.

அப்படியே வருஷங்கள் ஓடின. கொட்டகையிலிருந்தே ஊருக்கு பிளான் போட்டார். எத்தனை பேர் என்று கேட்பார், சொன்னதற்கு மேல் ஓர் ஆளைச் சேர்த்து வரைவார். மறுத்துப் பேசினால் காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். பிள்ளையைப் பொழுது சாய்ந்ததும் வெளியே கொண்டுவந்து அவர் மடியில் போடுவார்கள். அவன் நடக்கக் கற்றது கொட்டகையில்தான். மகள் படிப்புக்காக வெளியூர் போன அன்று டீச்சர் வாசலுக்கு வந்து, "இப்ப உள்ள வாங்களேன்" என்றாள். அவர் முதலில் ஜன்னலில் நின்று மச்சினன் கையை, மகன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அன்று அவருக்கு வீடு ரொம்பக் குளிர்ந்ததாம், போர்வை கேட்டார்.

மகள் லீவுக்கு வருவாள். ஆட்டோ தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கும்போதே அவர் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கொட்டகை மேல் நிழல் தயாராக விழுந்திருக்கும். வாசலில் மகளைப் பார்த்ததும், "கையைக் காட்டு பாப்பா" என்பார். அவளும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் காட்டிவிட்டு உள்ளே போவாள்.