பரிமளத்தின் கைநிறம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். அந்த அழகான பொய்யைச் சொல்லவில்லை நான். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலை மலையில், பட்டப்பகலில், பத்துப் பேருக்கு முன்னால் நான் ஆங்கிலத்தில் சொன்ன ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி விலகியபோது மலை பச்சைச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு—’

அடித்துவிட்டேன். விளம்பரத்துக்கு எழுதி எழுதிக் கெட்டுப்போன கை இது. சேலை கட்டாமல் ஒரு மலையை விட்டுவைக்காது.

2

என் பெயர் ஜெஸீமா. வீடு கட்டுகஸ்தோட்டையில். கண்டியில் ஒரு உடுப்புக் கொம்பனியில் விளம்பர வரிகள் எழுதுகிறேன், மூன்று மொழியிலும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முக்காடு போட்ட பெண்ணை வேலைக்கு எடுக்கப் பல இடங்களில் தயங்கினார்கள். இந்தக் கொம்பனியை நடத்தும் மேடம் எடுத்தார். வாடிக்கையாளர் வந்துபோகிற முன்னறையில் அல்ல, தையல் நடக்கும் பின்னறையில். “இங்கதான் உங்களுக்கு வசதி” என்றார். நானும் நன்றி சொன்னேன்.

(இது அனுதாபம் தேடுவதற்காக அல்ல. கொஞ்சம் பொறுங்கள், என்மேல் அனுதாபம் வராது.)

அந்தப் பின்னறையில்தான் பரிமளம் நிற்பாள். நிற்பதுதான் அவள் வேலை. புதிதாக வெட்டிய உடுப்பை அவள் உடம்பில் மாட்டி, ஊசி குத்தி, அளவைத் திருத்துவார்கள். மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நிற்பாள். அவள் உடம்பில் சரியாக விழுந்தால் எந்த உடம்பிலும் விழும் என்று தையல்காரர்கள் சொல்வார்கள். படம் எடுக்கும் நாளில் மட்டும் கொழும்பிலிருந்து வெள்ளை நிற மொடல்கள் வருவார்கள்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவள். அம்மா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறார். எங்கள் வீட்டில் என் தங்கைமார் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அவளும் என்னைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள்.*

* எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. கிழவர் அல்ல.

3

ஒருநாள் எங்களிடம் உடுப்பு வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இனிமேல் படங்களில் ஒரே மாதிரி முகங்கள் வேண்டாமாம். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியே மொடலாக வேண்டுமாம். படம் எடுப்பதைப் பார்க்க ஆளும் வருவாராம்.

நான்தான் அதைப் பரிமளத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

“அப்ப என்னயத்தான் எடுப்பாங்க, இல்ல தாத்தா?”

“வேற யார எடுக்கப் போறாங்க?” என்றேன்.

(இதுவும் நான் சொன்னதுதான். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அவள் மேடத்திடம் கேட்டாள். மேடம் “பார்ப்போம்” என்றார். அதை அவள் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

4

மலையில் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. வேனிலிருந்து டிலினி இறங்கினாள். கொழும்பு மொடல்.

மேக்கப் செய்பவர் பரிமளத்தைக் கூப்பிட்டார். அவளுக்குத்தான் பூசப் போகிறார் என்று நினைத்து முகத்தைக் காட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்து, டிலினியின் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு டிலினியின் கையிலும் கழுத்திலும் முகத்திலும் மாநிறத்தைப் பூசத் தொடங்கினார். அடிக்கடி பரிமளத்தின் கையைப் பார்த்துக்கொண்டார். நிறம் ஒத்துப்போக அரைமணி நேரம் பிடித்தது. அதுவரை பரிமளம் கையை நீட்டியபடியே நின்றாள். நிற்கப் பழகியவள்.

டிலினியைக் கெட்டவளாக எழுத எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. “சொரி நங்கி” என்று, தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால், இரண்டு தடவை மெதுவாகச் சொன்னாள். பரிமளத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அதற்குள் பரிமளத்தின் அம்மா, கூட வேலை செய்கிற நாலைந்து பெண்களோடு மேலே வந்துவிட்டார். மகளைப் படம் பிடிப்பதைப் பார்க்க. படத்துக்கு ஒரு கூடை வேண்டும் என்று கேட்டதும் தன் கூடையையே கொட்டிக் கவிழ்த்துக் கொடுத்தார். மேடம் அதை வாங்கி டிலினியின் முதுகில் மாட்டினார்.

“ஏன் பாப்பா, நீ எப்ப நிப்ப?” என்று அம்மா கேட்டார்.

5

இனி அந்த வாக்கியம்.

உடுப்பு பரிமளத்தின் அளவில் தைத்தது. டிலினி அவளைவிட ஒல்லி. அதனால் முதுகுப் பக்கம் வரிசையாக ஊசி குத்தி இழுத்துப் பிடித்திருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஊசி குத்தியது பரிமளம்தான். கடைசி ஊசியைக் குத்தியதும் நிமிர்ந்து, தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“இந்தச் சட்டைய என் உடம்புல வச்சுத்தான் தச்சீங்க. என் கைய வச்சுத்தான் கலரும் பாத்தீங்க. அப்பறம் நான் மட்டும் எதுக்கு வேணாம்?”

வெளிநாட்டுக் கொம்பனியிலிருந்து வந்த பெண், பூச்சு முடிந்த பிறகே மலைக்கு வந்து சேர்ந்தவர், என் பக்கம் திரும்பினார். டிலினிதான் தோட்டத்துப் பெண் என்று மேடம் அவரிடம் சொல்லியிருந்தார். “அவர் என்ன சொல்கிறார்?” என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மேடம் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“உடுப்பு மிகவும் அழகாக இருக்கிறது என்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெளிநாட்டுப் பெண் புன்னகைத்து, பரிமளத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“இங்கிலீஷ் எனக்கும் வெளங்கும், மிஸ்” என்றாள் பரிமளம்.

மிஸ்.

6

இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் மழை பெய்தது. டிலினியின் முகத்திலிருந்து நிறம் வழிந்து உண்மை வெளிப்பட்டது. வாசித்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அன்று மழை பெய்யவில்லை. நல்ல வெயில். போட்டோக்காரர் வெளிச்சம் பிரமாதம் என்றார்.

மூன்றாம் வரைவில் அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்து, ஊசிகளைக் கவனித்து, மேடத்திடம்—

இல்லை. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மொழிபெயர்த்தவள் முக்காடு போட்ட, சாதுவான ஒரு பெண். ஏன் சந்தேகப்பட வேண்டும்?

நடந்தது இது. பரிமளம் டிலினியின் முதுகுப் பக்கம் போய், குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரப்படவில்லை. ஊசிகளை டப்பாவில் போட்டு மூடி என் கையில் தந்தாள். உடுப்பு டிலினியின் உடம்பில் சாக்கு மாதிரித் தொங்கியது. பரிமளம் அவள் முதுகிலிருந்த கூடையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். “வாங்கம்மா, போறோம்” என்றாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.

இங்கேயே முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கும்தான்.

ஆனால் மேடம் என்னைப் பார்த்து, “ஜெஸீமா, ஊசி” என்றார்.

குத்தினேன். வேறொரு பெண்ணிடம் கூடை வாங்கினார்கள். படம் வெளியானது. ‘தேயிலை மலையின் மகள்’ என்ற வரியோடு. மூன்று மொழியிலும் நான் எழுதியது.

7

பரிமளத்துக்கு வேலை போனது. கண்டியில் மற்ற உடுப்புக் கொம்பனிகளும் எடுக்கவில்லை. இப்போது நாவலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். போன மாதம் போய், எழுத அனுமதி கேட்டேன்.

“அன்னைக்கு நீயே இங்கிலீஷ்ல சொல்லியிருக்கலாமே?” என்றும் கேட்டுவிட்டேன். குற்றம் செய்தவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் தாராளமாக வரும்.

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன், மிஸ்.”

பெயரை மாற்றிவிடுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். “ஒரு எடத்துலயாச்சும் என் பேரு இருக்கட்டும்.” பிறகு ஒரு கிழவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“என்ன பாஷைல எழுதுறீங்க?”

“தமிழ்ல.”

சிரித்தாள். “அந்த வெளிநாட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாதே.”

8

உண்மைதான். இந்தக் கதை யார் கண்ணில் பட வேண்டுமோ, அவரால் வாசிக்க முடியாத மொழியில் எழுதியிருக்கிறேன். அது தற்செயல் என்று சொல்லலாம். நீங்கள் நம்பவும் கூடும்.

அவருடைய மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் மாற்ற எனக்கு ஒரு பின்னேரம் போதும். உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் அவ்வளவுதான் ஆகும். கேட்டால் முகவரியைத் தருகிறேன். நான் தந்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.