மாமன் சீரில் வந்த ஏசி

நீடாமங்கலத்தில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு வைகாசியில் பால் காய்ச்சினோம். என் அண்ணன் பஞ்சநதம் மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். தேங்காய், பழத் தட்டுகளுக்கு நடுவே, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட ஏசிப் பெட்டி. மாட்டுவதற்கு மெக்கானிக்கையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

என் மருமகள் மேகலா இன்ஜினியர். அவள் தானே வரைந்து கட்டிய முதல் வீடு இது. ஏசியே தேவைப்படக் கூடாது என்றுதான் கட்டினாள். வாய்க்கால் பக்கம் அகலமான ஜன்னல்கள், எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி வலையடித்த திறப்புகள், மாடித் தளத்தில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு.

மெக்கானிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் திறப்புகளைப் பூசி அடைத்தால்தான் குளிர் நிற்கும் என்றார். கொத்தனாருக்குத் தானே சொல்லிவிடுவதாக அண்ணன் சொன்னார். மேகலாவின் முகம் சுண்டிவிட்டது. அடைத்தால் அவள் கட்டியதற்கே அர்த்தமில்லை. மறுத்தால், மாமன் சீரைத் தட்டிவிட்டாள் என்று உறவெல்லாம் பேசும்.

"முதல்ல சாப்பிடுங்கண்ணே. வெறும் வயித்துல சுவத்துல கை வைக்க வேணாம்" என்றேன்.

"இடிக்கவா போறேன்? பூசத்தானேம்மா போறேன்" என்றபடி பந்தியில் உட்கார்ந்தார்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சுவரில் சாய்ந்து வெகுநேரம் கதை பேசினார். மெக்கானிக் வந்து துளை போடும் மிஷினைச் சொருகினார். அது சுற்றவில்லை.

"கரண்டு இல்லீங்களே."

"எப்பப் போச்சு?"

இலை எடுத்துக்கொண்டிருந்த ராசம்மாள் சொன்னாள். "சாம்பார் ஊத்துறப்பவே போயிடுச்சுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் அசையாமல் நின்றது. கல்யாண வீடுகளில் துண்டைப் பிழியுமளவுக்கு வியர்க்கிறவர், பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் எதிர்ச்சுவரின் கீழே நின்றார்.

"இது வழியா என்னம்மா போவுது?"

சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாக வெளியேறும், அந்த இடத்துக்கு வாய்க்கால் காற்று உள்ளே வரும் என்று மேகலா விளக்கினாள்.

"அடைச்சா?"

"காத்து நின்னுடும்ங்க. அப்புறம் ஏசி இல்லாம இருக்க முடியாது."

அண்ணன் மெக்கானிக்கை மூட்டை கட்டச் சொன்னார். ஏசியைக் கடையில் கொடுத்து பீரோவாக மாற்றி அனுப்புவதாகவும், அதுதான் சீர் என்றும் என்னிடம் சொன்னார்.

அதற்குமேல் தாமதமாக வந்த விருந்தாளிகளையெல்லாம் அவரே கூட்டிப்போய், கையை நீட்டி நீட்டித் திறப்புகளைக் காட்டினார்.

"என் தங்கச்சி வீடு. கரண்டு போனதே தெரியலங்க."

"எம் மருமக கட்டுன வீடுண்ணே" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"அதத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணன்.