சொல்ல வருகிறவர்கள்

நாற்பத்தாறு மணி நேரம். வெள்ளி மதியம் இறங்கி ஞாயிறு காலை விமானத்தில் திரும்புவதற்குள் லெம்லெமுக்கு அடிஸ் அபாபாவில் கிடைத்தது அவ்வளவுதான். நடுவில் இரண்டு விடியல்கள். ஏதாவது ஒன்றில் சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் டிக்கெட் எடுத்தாள்.

அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அக்கா சேனாயித்துக்குத் தெரியாது.

பள்ளித் தோழி ஒருத்தி அப்பாவின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, அடியில் மெழுகுவர்த்தி ஒன்றையும் வைத்திருந்தாள். லெம்லெம் வேலை பார்ப்பது மலாவியில், ஜோம்பா என்ற சின்ன மலையூரின் குடிநீர் ஆய்வகத்தில். மதியச் சாப்பாட்டின் நடுவே அதைப் பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சக் களியையும் சாப்பிட்டு முடித்தாள். அழுகை வரவில்லை. யாரும் வந்து சொல்லாத சாவுக்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியூரில் இருக்கிறவர்களுக்குச் சாவைத் தொலைபேசியில் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. ஆள் ஊர் வந்து சேர வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் உறவும் அக்கம்பக்கமும் பாதிரியாருமாகத் திரண்டு வந்து, சுற்றி உட்கார்ந்து, அப்புறம்தான் சொல்வார்கள். கேட்டவர் சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கும். அதுவரை சொல்லுகிற பொய்யை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

"அப்பா புனித ஊற்றுக்குப் போயிருக்கார். அங்கே போன் ஆகாதாம்" என்று சேனாயித் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குச் சொல்ல லெம்லெமும் ஒரு பொய் தேடிக்கொண்டாள். ஆய்வகத்துக்குக் குடுவை வாங்க வருகிறேன் என்றாள்.

விமான நிலையத்தில் சேனாயித் சிவப்புத் தலைத்துணியோடு நின்றாள். சிவப்பைக் கண்டாலே முகம் சுளிக்கிறவள். கட்டிக்கொண்டபோது துணியில் வேறு யாருடைய தலையெண்ணெயோ மணத்தது.

"எலும்பும் தோலுமா வந்திருக்கே. அங்க சோறு கண்ணுல காட்றாங்களா, இல்ல தண்ணிய குடிச்சுக் குடிச்சேதான் டெஸ்ட் பண்றியா?"

"நீ மட்டும் என்னக்கா, பாதியாயிட்டே."

"எனக்கு வயசாவுது. உனக்கென்ன கேடு?"

சனிக்கிழமை இருட்டிலேயே லெம்லெம் முகம் கழுவி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளிக்கதவு தட்டப்பட்டது. எழுந்து நின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வந்திருந்தாள். கேட்டுவிட்டு லெம்லெமை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

"என்னடி இது, இந்நேரத்துல பொண்ணு பாக்க வர்றாப்ல உக்காந்திருக்கே?" என்றாள் சேனாயித்.

"தூக்கம் போயிடுச்சு."

நாளைக்கு என்று வைத்திருப்பார்கள். நாளை ஞாயிறு, ஆள் கூடுவது சுலபம். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

பகல் முழுக்கக் குடுவை தேடினார்கள். பியாசா கடைவீதியில் பாதியைக் காணவில்லை. முன்பு கேக் வாங்கித் தின்ற கடை இருந்த இடத்தில் புல் விரித்து விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் கிரேன்கள். ஜோம்பாவில் ஒரு லாரி போனால் அதன் சத்தம் மலை திரும்பும்வரை கேட்கும். இங்கே ஒரு சத்தத்தின் மேல் இன்னொன்று ஏறி நின்றது. லெம்லெமால் எங்கும் நிற்க முடியவில்லை. மக்கியாட்டோ காபியைச் சூடு ஆறுமுன் குடித்துவிட்டு நடந்தாள், திரும்பினாள், பார்த்த கடையையே மறுபடி பார்த்தாள். துக்கத்துக்கான கறுப்புத் துணி போர்த்திய பெண் ஒருத்தி எதிரே வந்தபோது சேனாயித் அவசரமாகக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் ஒரு செருப்பின் விலையை விசாரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் லெம்லெம் ஆரம்பித்தாள். "அப்பாவுக்கு ஊற்றுல..."

சேனாயித் இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, குழம்பில் சுருட்டி, அவள் வாயில் திணித்தாள். ஊட்டுகிற கையை மறுக்க முடியாது. மென்று முடித்து, "எப்ப வருவாராம்?" என்றாள். அடுத்த உருண்டை முதலதைவிடப் பெரிதாக இருந்தது.

"மூச்சு முட்டுதுக்கா."

"சாவ மாட்டே, முழுங்கு" என்றாள் சேனாயித். சொன்னபின் அவள் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி கேட்டாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அக்கா தணிந்த குரலில் பேசுவது கேட்டது. மறுமுனையில் ஊரில் இருக்கும் அண்ணன்.

"பாதிரியார்கிட்ட சொல்லி வெச்சாச்சேண்ணா... வேணாம்ங்கறியா? ... ஆமா, விடியக்காலைல சொல்லி உடனே பிளேன்ல ஏத்தணும். அங்க யாரு இருக்கா அதுக்கு... சரி. சரிண்ணா. அடுத்த தடவை வரட்டும்."

அடுத்த தடவை என்றால் அடுத்த வருஷம். ஒரு வருஷம் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். லெம்லெம் சாமானை எடுத்து வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி அடுக்கினாள்.

ஞாயிறு விடிகாலையிலும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தேவாலயத்தின் ஒலிபெருக்கி ஜெபித்துக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. வெளிச்சம் வந்தது.

விமான நிலையம் இருக்கும் போலேவுக்குப் போகும் மினிபஸ்ஸில் பின் வரிசையில் இடம் கிடைத்தது. நடத்துனர் இன்னும் இருவரை உள்ளே தள்ளினார். "நகருங்கம்மா, அது சோபா இல்ல."

"உன் வண்டி மட்டும் பஸ்ஸா? மத்தி டப்பா" என்றாள் வெங்காய மூட்டையோடு இருந்த அம்மாள். வண்டி சிரித்தது. சேனாயித்தும் சிரித்தாள். சிரிப்பு முடிந்தபின் அவள் தாடை நடுங்குவதை லெம்லெம் பக்கத்திலிருந்து பார்த்தாள். அக்காவும்தான் இந்த இரண்டு நாளாக யாரோடும் சேர்ந்து அழவில்லை.

சாலை தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அடுத்த நிறுத்தம் விமான நிலையம்.

"போய்ச் சேர்ந்ததும் பேசு. அப்பா வந்ததும் நானே உனக்கு..."

"அக்கா."

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன். அக்கா, இங்க பாரு."

வெங்காய அம்மாளின் முழங்கை லெம்லெமின் விலாவில் இடித்தது. முன்சீட்டில் ஒரு சிப்பாய், இரண்டு மாணவிகள், தொப்பி போட்ட கிழவர். எல்லோருடைய முட்டியும் யாருடைய முட்டியோடாவது ஒட்டியிருந்தது. யார் சாய்ந்தாலும் கீழே விழ இடமில்லை.

"நீ அண்ணன்கிட்ட பேசினது எனக்குக் கேட்டுச்சு. நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன்" என்றாள். தன் குரல் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது. அதைத் தணிக்கவில்லை.

"நம்ம அப்பா செத்துப்போயிட்டார்க்கா."