எனெய்தாவின் இடுப்பும் தடை செய்த படமும்

அறுபது வருஷமாக எனெய்தா ஒரே இடுப்பை வைத்துப் பிழைத்து வந்தாள். "என் இடுப்பைப் பார்த்து அரசாங்கமே ஆடிப்போச்சு. அதான் படத்தையே தடை பண்ணிட்டாங்க" என்பாள். ஹவானாவில் அவள் குடியிருந்த பழைய கட்டடத்தின் ரொட்டி வரிசையில்கூட அவளுக்கு முன்னால் இடம் விடுவார்கள். விடமாட்டார்களா பின்னே? அவள் ஆடிவந்த கேபரேயின் நடனக்காரிகளைப் பற்றிய அந்த ஆவணப்படத்தை ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

பாழாய்ப்போன படப்பெட்டி இப்போது கிடைத்துத் தொலைத்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தெருமுனைத் தியேட்டரில் காட்சி. படமெடுத்த அன்று எனெய்தா ஆடவே இல்லை. கணுக்கால் சுளுக்கி, உடைமாற்றும் அறையில் மற்றவர்களின் பாவாடைக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே நம்பிக்கை மின்வெட்டுதான். அந்தப் பேட்டையில் தினமும் நாலு மணிக்குக் கரண்ட் போகும். அதை வைத்துத்தான் கடிகாரத்தையே திருத்துவார்கள். அன்று பார்த்து நாலேகால் ஆகியும் போகவில்லை!

"போயேன் சனியனே" என்று முணுமுணுத்தாள்.

"என்னடி, இடுப்பு எப்ப வரும்?" என்றாள் பக்கத்து இருக்கையில் ஒர்தென்சியா. மாடிவீட்டுக்காரி, நாற்பது வருஷப் பகை.

திரையில் ஆறு பேர் ஆடினார்கள். அதில் எனெய்தா இல்லை. ஒர்தென்சியா தொண்டையைச் செருமினாள். அடுத்து உடைமாற்றும் அறை. தலை நிறையச் சுருள்கள், வாளியில் ஒரு கால், கையில் ஊசி. சாட்சாத் எனெய்தாவேதான். அவமானம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையிலிருந்து அவள் இளவயதுக் குரல் வந்தது: "எங்க ஆட்டம் அசிங்கம்னு பேப்பர்ல எழுதுறாரே தணிக்கை அதிகாரி, தினம் முதல் மேஜை அவருக்குத்தான். நேத்து ஒரு ஜிகினாவைக் கெஞ்சி வாங்கி சட்டைப்பையில வச்சுக்கிட்டார். துணி துவைக்கிறப்ப அவர் பெண்டாட்டி பார்த்துக்கட்டும்!"

தியேட்டர் அதிர்ந்தது. ஒர்தென்சியாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"அடிப்பாவி! அவங்க தடை பண்ணது உன் இடுப்பை இல்லடி, உன் வாயை!"

எனெய்தா கண்ணைத் திறந்தாள். இப்படிப் பேசியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "இன்னொரு தடவை போடுங்கப்பா!" என்று கத்தினாள்.

கரண்ட் போனது.

"நாசமாப் போக! இப்பவா போகணும்?"

இருட்டில் ஒர்தென்சியா அவள் முழங்கையை இடித்தாள். "படம் எதுக்கு? நீதான் இருக்கியே, முதல்லேர்ந்து சொல்லு. அந்த ஜிகினா என்ன நிறம்?"

எனெய்தா எழுந்து நின்றாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைச் சட்டை பண்ணாமல், "சிவப்பு..." என்று ஆரம்பித்தாள்.